ஒரு பாடத்தில்கூடத் தோற்காமல் ஆறு ஆண்டுகள்: துறைத் தலைவருக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவின் ஆசிரியர்களுக்கும்,

அடுத்த செமஸ்டருக்கான பாடப்பதிவு தொடங்க நான்கே நாள் இருக்கும்போது, சுற்றுச்சூழல் அறிவியல் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. நீர்த்தர ஆய்வகம் என்ற பாடம் இனி ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கும். வரும் ஆண்டு கிடையாது. போதிய சேர்க்கை இல்லாததே காரணம். மொத்தம் மூன்று வரி, கீழே கையெழுத்து.

இந்த முடிவால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இன்னும் சில வாரங்களில் ஆய்வறிக்கையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஆனால் நான்காண்டுப் படிப்பை ஐந்தாம் ஆண்டில் முடித்துக்கொண்டு போகிறவள் நான். அந்த மூன்று வரிக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிற அளவுக்கு இப்போது முதலாண்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. சுற்றறிக்கையை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

நம் துறையின் பாட வரிசையை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் வரைந்தேன், ஒரு கிராஃப் தாளின் பின்பக்கத்தில், பென்சிலால். பொது வேதியியல் ஒன்று முடித்தால்தான் இரண்டு. இரண்டை முடித்தால்தான் பகுப்பாய்வு வேதியியல். அதன் பிறகு சுற்றுச்சூழல் வேதியியல், அதன் பிறகு நீர்த்தர ஆய்வகம், அதன் பிறகு புலப்பணி முறைகள், கடைசியில் இரண்டு செமஸ்டருக்கு ஆய்வுத் திட்டம். எட்டுக் கட்டங்கள், நடுவே ஏழு அம்புக்குறிகள். படிப்புக்கு மொத்தம் எட்டு செமஸ்டர். மூச்சு விட ஒரு செமஸ்டர்கூட மிச்சம் இல்லை. போதாததற்கு இந்த எட்டில் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரே முறைதான் நடத்தப்படுகிறது, ஒற்றைப்படை செமஸ்டரிலோ இரட்டைப்படை செமஸ்டரிலோ. ஆகவே எந்தக் கட்டத்தில் ஒரு தடவை தவறினாலும் இழப்பு ஒரு செமஸ்டர் இல்லை, முழுதாக ஓராண்டு.

சேரும்போது எங்கள் கையில் கொடுக்கப்படும் நான்காண்டுத் திட்ட அட்டவணையில் இது எதுவும் தெரியாது. அதில் எட்டுப் பத்திகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பாடங்களின் பெயர் இருக்கும். எது எதைப் பிடித்து இழுக்கிறது என்பதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது. பொது வேதியியலும் ஒரு எலக்டிவும் (விருப்பப் பாடம்) ஒரே அளவு எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாது, இன்னொன்றைத் தள்ளிப்போட்டால் ஓராண்டு போய்விடும். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் உண்டு: பாடங்கள் நடத்தப்படுவது மாறுதலுக்கு உட்பட்டது.

நான் மாட்டிக்கொண்டது மூன்றாவது செமஸ்டரில். அந்த செமஸ்டரில் எனக்கு உயிரியல் லேப், இயற்பியல் லேப், பகுப்பாய்வு வேதியியல் லேப் என மூன்றும் சேர்ந்து வந்தன. தாளில் பார்த்தால் 18 கிரெடிட், விதிப்படி சரிதான். ஆனால் மூன்று மணி நேர லேப்புக்கு ஒரு கிரெடிட் என்று கணக்கு வைத்திருக்கிறோம். லேப் இல்லாத 18 கிரெடிட்டும் மூன்று லேப் உள்ள 18 கிரெடிட்டும் ஒன்றா? ரெக்கார்டு எழுதும் இரவுகள் எந்தக் கணக்கிலும் வராது. என் ஆலோசகர் நல்ல மனிதர், என் மீது அக்கறையோடுதான் சொன்னார்: "மூணு லேப் தாங்காதும்மா. பகுப்பாய்வு வேதியியலை அடுத்த செமஸ்டர் எடுத்துக்கோ. இப்போதைக்குச் சுற்றுச்சூழல் கொள்கைப் பாடத்தைப் போட்டுக்கோ." ஐந்தே நிமிடத்தில் கையெழுத்து ஆனது. வெளியே வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றிருந்தார்கள். அடுத்த செமஸ்டரில் பகுப்பாய்வு வேதியியல் நடக்காது என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பதிவுத் தளத்தில் அந்தப் பாடத்தின் பெயரைத் தேடித் தேடிக் காணாமல் துறை அலுவலகத்துக்கு ஓடியபோதுதான், "அது ஒற்றைப்படையில் மட்டும்தானே" என்று எழுத்தர் சொன்னார். அவர் குரலில் கொஞ்சம் ஆச்சரியம்கூட இருந்தது, இதுகூடத் தெரியாதா என்பது போல.

அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அந்த ஒரு வரி எழுத்தில் எங்கும் இல்லை என்பதுதான் என் குறை.

இப்போது புதிய சுற்றறிக்கைக்கு வருகிறேன். இன்று இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் வரும் செமஸ்டரில் நீர்த்தர ஆய்வகத்தை எடுத்தாக வேண்டியவர்கள். வரும் ஆண்டு அது இல்லை என்றால் ஏழாவது செமஸ்டரில்தான் எடுக்க முடியும். எட்டில் புலப்பணி. ஒன்பதிலும் பத்திலும் ஆய்வுத் திட்டம். ஆக, ஒரு பாடத்தையும் விடாமல், ஒன்றிலும் தோற்காமல், சொன்னதையெல்லாம் சொன்ன நேரத்தில் செய்த ஒரு வகுப்பு முழுவதும் ஐந்து ஆண்டு படிக்கப்போகிறது. அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள், இன்று முதலாண்டில் இருப்பவர்கள், நான்கே ஆண்டில் முடிப்பார்கள். அதற்கடுத்த வகுப்புக்கு மறுபடியும் ஐந்து. ஒரே படிப்பு, ஒரே பட்டம். சேர்ந்த ஆண்டு ஒன்று தள்ளிப்போனதால் வாழ்க்கையில் ஓராண்டு போகிறது.

இதைவிட மோசமான இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் என் பக்கத்து அறை. ஐந்தாவது செமஸ்டரில் நீர்த்தர ஆய்வகம் அவளுக்குக் கிடைக்கவில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வரும் செமஸ்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். இப்போது ஒன்பதாவது செமஸ்டரில்தான் எடுக்க முடியும். பிறகு புலப்பணி, பிறகு ஆய்வுத் திட்டம் இரண்டு. பன்னிரண்டு செமஸ்டர். இதுவரை ஒரு பாடத்தில்கூட அவள் தோற்றதில்லை. நடுவில் காத்திருக்கும் செமஸ்டர்களில் எடுக்க அவளிடம் பாடமும் மிச்சமில்லை. குறைந்தபட்ச கிரெடிட் இல்லாவிட்டால் முழுநேர மாணவி என்ற தகுதி போகும், அதோடு உதவித்தொகையும் விடுதி அறையும் போகும். சுற்றறிக்கையைப் படித்த அன்று இரவு என்னிடம் வந்து அந்த கிராஃப் தாளைக் கேட்டாள். இரண்டு பேரும் விரல் வைத்து எண்ணினோம். இரண்டு தடவை எண்ணினோம், தப்பாக எண்ணிவிட்டோமோ என்று.

போதிய சேர்க்கை இல்லை என்கிறீர்கள். உண்மைதான். நான் எடுத்த ஆண்டு 11 பேர், இந்த ஆண்டு 9 பேர். ஆனால் ஏன் இல்லை என்று யாராவது எங்களைக் கேட்டீர்களா? கடந்த இரண்டு ஆண்டுகளும் நீர்த்தர ஆய்வகம் திங்கள் பிற்பகலில் இருந்தது. அதே ஐந்தாவது செமஸ்டரில் கட்டாயமாக எடுக்க வேண்டிய புள்ளியியலுக்கு இரண்டு பிரிவுகள், ஒன்று செவ்வாய்க் காலை, இன்னொன்று திங்கள் பிற்பகல். செவ்வாய்ப் பிரிவு பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே நிரம்பிவிடும். மற்ற எல்லோரும் திங்கள் பிரிவுக்குத்தான் போயாக வேண்டும். போனவர்கள் நீர்த்தர ஆய்வகத்தைச் சொடுக்கினால் தளம் சிவப்பில் நேர மோதல் என்று காட்டி வெளியே தள்ளிவிடும். என் பக்கத்து அறைப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். கதவை நீங்களே சாத்திவிட்டு, உள்ளே ஆள் வரவில்லை என்று கடையை மூடுவது நியாயமா?

திங்கட்கிழமை என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இதைக் கோபமாகச் சொல்வதா சிரித்துக்கொண்டே சொல்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீர்த்தர ஆய்வகத்தில் உயிரே பிஓடி சோதனைதான், அதாவது தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று அளப்பது. தண்ணீரை 300 மில்லி குப்பிகளில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஒரு குப்பியில் அன்றே கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும். மாங்கனீசு சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டதும் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும். அமிலம் விட்டால் கரைந்து மஞ்சளாகும். தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்து, அந்த நீலம் மறையும் ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். மற்றக் குப்பிகளை இருட்டில், 20 டிகிரி செல்சியஸில், ஐந்து நாள் வைத்து, ஐந்தாம் நாள் மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் தண்ணீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்பது தெரியும்.

திங்கட்கிழமை வைத்தால் ஐந்தாம் நாள் என்றைக்கு வரும்? சனிக்கிழமை. லேப் பூட்டியிருக்கும். முதல் வாரம் சாவிக்காக அலைந்தோம், கிடைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை, ஏழாம் நாள், குப்பிகளைத் திறந்தோம். ஏழு நாளில் நுண்ணுயிர்கள் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்றிருக்கும், எண் கூடத்தான் வரும். சுவீடன் போன்ற நாடுகளில் ஏழு நாள் பிஓடி என்றே ஒரு வழக்கம் உண்டு என்று ஆசிரியர் சொல்லி, ரெக்கார்டில் நேர்மையாக ஏழு நாள் என்று எழுதச் சொன்னார். செமஸ்டர் முழுக்க அப்படியே ஓட்டினோம். நேர அட்டவணையைப் போட்டவர் அந்த லேப்பில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சுற்றறிக்கை வந்ததும் ஒரு சமாதானமும் காதில் விழுந்தது. பாதிக்கப்படுபவர்களுக்கு முன்தேவையை, அதாவது ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்ற விதியை, தளர்த்திவிடலாம், நீர்த்தர ஆய்வகம் இல்லாமலே புலப்பணிக்கு அனுப்பலாம், வேண்டுமானால் வேதியியல் வரிசையையே சுருக்கலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். முன்தேவைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவை வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது செமஸ்டரில் வேதியியலை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேனே, அந்தக் கொள்கை வகுப்பில் ஓசோன் கதை வந்தது. 1974இல் வேதியியலாளர்கள் ரோலண்டும் மொலீனாவும் குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் சரிந்துவிட்டதை அளவுகளோடு வெளியிட்டார்கள். 1987இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்த ஆண்டுகளையெல்லாம் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்தும் தெளிப்புக் குப்பியிலிருந்தும் கசிந்த இத்தனூண்டு வாயு எப்படி அவ்வளவு உயரத்தில் அவ்வளவு பெரிய சேதம் செய்தது என்பது எனக்குப் புரியவே இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்துச் சுற்றுச்சூழல் வேதியியலில்தான் புரிந்தது. குளோரின் அணு ஓசோனை உடைத்துவிட்டு மறுபடி பழைய குளோரினாகவே வெளியே வருகிறது, திரும்பவும் அடுத்ததை உடைக்கப் போகிறது. வினையூக்கி. அந்தச் சமன்பாட்டைப் பார்த்த பிறகுதான், நாடுகள் அவ்வளவு சீக்கிரம் ஒப்பந்தத்துக்கு வந்ததன் அவசரமும் எனக்கு உறைத்தது. பாடங்களுக்கு ஒரு வரிசை இருப்பது இதற்காகத்தான். வரிசையை உடைக்காதீர்கள். அதில் நடக்க எங்களுக்கு வழி விடுங்கள்.

இன்னும் சொன்னால், சில இடங்களில் வரிசை போதாது. முதல் செமஸ்டரிலேயே, ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கப்படும் கரியமில வாயுவின் வரைபடத்தைத் திரையில் காட்டுகிறீர்கள். 1958இல் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் 315 பங்கு) அளவில் இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் மே மாதம் உச்சிக்குப் போய், செப்டம்பர் வாக்கில் இறங்கும் அந்தப் பல்வரிசையையும், அதற்குள் ஓடும் ஏறுமுகத்தையும் பிரித்தெடுப்பது எப்படி என்று ஒரு மாணவி கேட்டால், புள்ளியியல் ஐந்தாவது செமஸ்டரில் வரும் என்கிறீர்கள். அதை மூன்றாவதுக்குக் கொண்டு வந்தால் திங்கட்கிழமை மோதலும் தீரும், பாடமும் வேண்டிய நேரத்தில் வரும். அதற்கு இடம் வேண்டுமென்றால் இயற்பியல் லேப்பை ஐந்தாவதுக்குத் தள்ளலாம். அதைத் தொட்டு நிற்கும் பாடம் எதுவும் அதற்கு முன்னால் இல்லை, பார்த்துவிட்டேன். மூன்று லேப் ஒன்றாக வந்து விழுவதும் அதோடு தீரும்.

கணினியில் வரைபடங்களை அலசக் கற்றுத்தரும் புவித் தகவல் முறைமைப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருள் உரிமம் 24 இருக்கைகளுக்குத்தான் என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்படுகிறோம். அதே வேலையைச் செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், யார் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008இலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. உரிமம் இல்லை என்பது இன்னும் எத்தனை ஆண்டுக்குக் காரணமாக இருக்கும்?

எல்லாப் பாடத்தையும் எல்லா செமஸ்டரிலும் நடத்துங்கள் என்று கேட்கும் அளவுக்கு விவரம் இல்லாதவள் இல்லை நான். ஆசிரியர்கள் குறைவு என்பது தெரியும். புலப்பணியை நினைத்த மாதத்தில் வைக்க முடியாது என்பதும் தெரியும். ஓடையில் வெள்ளம் போகும்போது கல்லைப் புரட்டி மேஃபிளை என்ற ஈசல் போன்ற பூச்சியின் இளம்புழுவைத் தேட முடியாது, ஓடை அடங்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் ஒரு பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் என்றால் சரி, ஏற்றுக்கொள்கிறோம். அதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன பிறகு மாற்றாதீர்கள். பாடப் பட்டியலில் இருபதுக்கு மேல் எலக்டிவ்கள் அச்சிட்டிருக்கிறீர்கள். நான் இருந்த ஐந்து ஆண்டுகளில் நடந்தவை ஏழு. சதுப்புநிலச் சூழலியல் படிக்கலாம் என்று நம்பித்தான் இந்தத் துறைக்கு வந்தேன். அந்தப் பாடத்தை நடத்தியவர் நான் சேர்வதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டாராம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். வரும் ஒற்றைப்படை செமஸ்டரில் நீர்த்தர ஆய்வகத்தை நடத்துங்கள். அதற்குப் பிறகும் ஓராண்டு விட்டு ஓராண்டு என்ற முறைதான் சாத்தியம் என்றால், இனி சேரப்போகிறவர்களிலிருந்து தொடங்குங்கள், அவர்களுக்கு அதற்கேற்ற பாட வரிசையை முதலில் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் எந்த வகுப்புக்கும் நடுவழியில் விதியை மாற்றாதீர்கள். மூன்றாம் ஆண்டில் தவறவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு, புலப்பணியோடு சேர்த்தே ஆய்வுத் திட்டத்தின் முதல் பாதியைத் தொடங்க அனுமதி கொடுங்கள். அந்த இரண்டையும் முன்னும் பின்னும்தான் படிக்க வேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை, இரண்டையும் முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் நடக்கும் என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வெளியிடுங்கள். நான்காண்டுத் திட்ட அட்டவணையில் அம்புக்குறிகளைப் போடுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் பாடங்களை அடையாளமிட்டுக் காட்டுங்கள். நடக்காத எலக்டிவ்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதே தாளின் ஒரு பிரதி ஒவ்வொரு ஆலோசகர் மேசையிலும் இருக்கட்டும். என் கிராஃப் தாளைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன், தொடங்குவதற்கு உதவும்.

புள்ளியியலை மூன்றாவது செமஸ்டருக்குக் கொண்டு வருவதைப் பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேசுங்கள். அந்தக் கூட்டத்தில் மாணவர் ஒருவரை உட்காரவையுங்கள். பதிவு தொடங்கும் நாளுக்குள் எங்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

கடைசியாக, அந்த லேப்பைத் திங்களிலும் செவ்வாயிலும் மட்டும் வைக்காதீர்கள். புதன், வியாழன், வெள்ளி, எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டில் இருக்கும் நான்காண்டுப் படிப்பு மாணவி